சிரிப்பு இறங்கும்வரை பொறுங்கள்
மேடைப் பேச்சு: வாசகர் கேள்வி பதில்

மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட் அப் காமெடி செய்பவர்களிடம் மேடைப் பேச்சாளர்கள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி வட்டாரங்களிலிருந்து பல கேள்விகள் வந்திருந்தன. அவற்றில் எட்டுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அலுவலகத்தில் அடுத்த மாதம் பணி நிறைவு விழா. 8 நிமிடம் பேசவேண்டும். போன விழாவில் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு ஜோக் சொன்னேன். யாருமே சிரிக்கவில்லை. என்ன தப்பு?
(வாசகர், சத்துவாச்சாரி)

உங்களுக்கு வந்த ஜோக் அவர்களுக்கும் வந்திருக்கும். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சிரிப்பு வராது. ஒரு பக்கம் போகிற பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பும் இடத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. காமெடிக்காரர்கள் முதல் பாதியை 'செட்டப்' என்பார்கள், திருப்பத்தை 'பஞ்ச்' என்பார்கள். கேட்பவர் மனசில் ஒரு எதிர்பார்ப்பை உருவாக்குவதுதான் செட்டப்பின் வேலை.

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையும் செட்டப்பாக வைக்கலாம். நம்ம வேலூரைப் பற்றிய பழைய பேச்சு ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. இதை அப்படியே சொன்னால் சபை தலையாட்டும், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ராஜா இல்லாத கோட்டைன்னு சொல்வாங்க. ராஜா இனிமே வரமாட்டார், சரி. சாமி இல்லாத கோயில்னாங்க. ஜலகண்டேஸ்வரர் 1981-லயே திரும்பி வந்துட்டார். பாலாறு மட்டும்தான் இன்னும் ஜாயினிங் ரிப்போர்ட் குடுக்கல." முதல் இரண்டும் நேராகப் போகின்றன, மூன்றாவது திரும்புகிறது. அலுவலகக் கூட்டம் என்பதால் 'ஜாயினிங் ரிப்போர்ட்' வேலை செய்கிறது. கல்லூரி விழாவில் அதே இடத்தில் 'அட்டெண்டன்ஸ்' வரவேண்டும். நாளும் முக்கியம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது இந்த வரி எடுபட்டிருக்காது.

ஓய்வு பெறுபவரைப் பற்றிப் பேசத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். அவரோடு வேலை பார்த்த மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடித்து 20 நிமிடம் பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்காதீர்கள். வந்ததும் முதலில் என்ன செய்வார், கரண்ட் போனால் என்ன சொல்வார், டிபன் பாக்ஸை எங்கே வைப்பார், எந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார் என்று கேளுங்கள். 15 விஷயம் தேறும். அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பைலை மூடும்போதெல்லாம் "ஆச்சுப்பா" என்பவர் என்றால், அந்த ஒரு சொல்லைப் பேச்சின் தொடக்கத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். 34 வருட சர்வீஸ், பிள்ளைகள் படிப்பு எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் அவர் பக்கம் திரும்பி "ஆச்சுப்பா" என்றால் சபை சிரிக்கும், கண்ணும் கலங்கும். காமெடியில் இதற்குக் 'கால்பேக்' என்று பெயர். முதலில் சொன்னதற்கும் திரும்பச் சொல்வதற்கும் நடுவே குறைந்தது 4 நிமிடம் இருக்கட்டும், சபை அதை மறந்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றிய கேலியை, அவர் வீட்டில் ஒருவரிடம் முன்னாடியே சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் முகம் கொஞ்சம் மாறினாலும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பட்டிமன்றங்களில் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒரு ஊரில் கைதட்டல் வாங்கிய வரி அடுத்த ஊரில் விழுந்துவிடுகிறது. நேரமும் பற்றுவதில்லை. நடுவர் மணி அடித்துவிடுகிறார்.
(வாசகர், ஆரணி)

காமெடிக்காரர்களிடம் கற்க வேண்டியதில் முதன்மையானதே இதுதான். அவர்கள் எழுதியதை நம்புவதில்லை, சபை முன்னால் போட்டுப் பார்த்ததைத்தான் நம்புகிறார்கள். பெரிய அரங்குகளை நிரப்பும் அமெரிக்கக் காமெடிக்காரர் கிறிஸ் ராக் புது விஷயங்களை முதலில் சிறிய கிளப்புகளில் சொல்லிப் பார்ப்பார். அங்கே பல வரிகள் விழும். அதற்காகத்தான் போகிறார். அந்த நாட்டின் முந்தைய தலைமுறைக் காமெடிக்காரர் ஃபிலிஸ் டில்லர் தன் துணுக்குகளை ஒவ்வொன்றாக அட்டையில் தட்டச்சு செய்து, தலைப்புவாரியாக இரும்பு அலமாரி இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார். 50,000-க்கு மேற்பட்ட அந்த அட்டைகள் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உங்களுக்கு அலமாரி வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். கைபேசியில் ரெக்கார்டரைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டுக்கு வந்து கேட்கும்போது ஒவ்வொரு வரிக்கும் குறி போடுங்கள்: சபை முழுக்கச் சிரித்தால் இரண்டு கோடு, ஓரிடத்தில் மட்டும் சிரித்தால் ஒரு கோடு, மௌனம் என்றால் சுழி. மூன்று ஊரில் மூன்று சுழி வாங்கிய வரியை, உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், தூக்கிவிடுங்கள். ஒரு ஊரில் கோடும் இன்னொரு ஊரில் சுழியும் வாங்கியிருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அந்த வரிக்கு முந்தின பத்து விநாடியைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருப்பீர்கள், இல்லையென்றால் முந்தைய சிரிப்பு இறங்குவதற்குள் பேசத் தொடங்கியிருப்பீர்கள்.

இந்த இரண்டாவது தப்பு புதியவர்கள் எல்லோரிடமும் உண்டு. சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். உச்சியில் இருக்கும்போது பேசினால் உங்கள் சொல் காதில் விழாது. அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. 'நாம் சிரித்தால் அடுத்த வரி போய்விடும்' என்று சபை பழகிக்கொண்டு சிரிப்பதையே குறைத்துக்கொள்ளும். முழுக்க அடங்கும்வரையும் காத்திருக்கக் கூடாது, சூடு ஆறிவிடும். முக்கால்வாசி இறங்கி, தனித்தனிக் குரல்கள் மட்டும் கேட்கிற நேரம்தான் சரி. அதுவரை வாயை மூடி, சிரிக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 3 விநாடி உங்களுக்கு முப்பது போலத் தோன்றும். சபைக்கு அப்படித் தோன்றாது.

நேரம் போவதும் இந்தச் சிரிப்பிலும் கைதட்டலிலும்தான். 6 நிமிடம் கொடுத்தால் நாலரை நிமிடத்துக்கு எழுதுங்கள். உங்கள் வேகத்தை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். நிதானமாகப் பேசும் பலருக்கு நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டி வரும். காமெடி கிளப்பில் நேரம் முடியப் போகிறது என்பதை அரங்கின் பின்னால் ஒரு விளக்கை எரியவிட்டுச் சொல்வார்கள். விளக்கைப் பார்த்ததும் நடுவிலிருப்பதை விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவத் தெரிந்திருக்கவேண்டும். உங்களுக்கு மணிதான் விளக்கு. எந்த இடத்தில் அடித்தாலும் அங்கிருந்து தாவிப் போகிற மாதிரி ஒரு முடிவு வரியைத் தனியாக வைத்திருங்கள்.

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். மனப்பாடம் செய்து வருகிறார்கள், ஒரு சொல் மறந்தால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். இந்த வருடத் தலைப்பு வேலூர்ப் புரட்சி.
(ஆசிரியை, குடியாத்தம்)

ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வருவதுதான் மனப்பாடம். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போய்விடும். ஒரு மணி நேரம் பேசுகிற காமெடிக்காரர் சொல் வரிசையை மட்டும் நம்பி ஏறுவதில்லை. பகுதிகளின் வரிசையை ஒரு சிறு தாளில் ஒற்றைச் சொற்களாக எழுதி வைத்திருப்பார். பிள்ளைகளுக்கும் ஐந்து சொல் கொடுங்கள்: தலைப்பாகை, தாடி, விடிகாலை, ஆற்காடு, நினைவுத்தூண். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யட்டும். நடுவில் உள்ளதை ஒவ்வொரு நாளும் வேறு வேறு சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள் 'ஆற்காடு' பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், இன்னொரு நாள் நடுவில் கேள்வி கேட்டு நிறுத்திவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். விட்ட இடத்தைத் தானே பிடிக்கப் பழகிவிட்டால் மேடையில் பேச்சு நிற்காது.

அடுத்தது வாக்கியம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. நகைச்சுவைக்கும் சரி, வியப்புக்கும் சரி, இது ஒரு சிக்கல். போட்டிகளில் வழக்கமாகக் கேட்கும் வரி இப்படி இருக்கும்: "1857-ஆம் ஆண்டுக்கு 51 ஆண்டுகள் முன்பே வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது." வேலூர்க் கோட்டை என்பதுதான் அடி, அதாவது சபையை நிமிர வைக்கிற சொல். அது நடுவிலேயே விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்பது சொல் வால். அடி விழுகிற சொல்லைக் கடைசிக்குக் கொண்டு போங்கள்:

"1857 என்றதும் மீரட் என்போம். அதற்கும் 51 வருடம் முன்னால், 1806 ஜூலை 10. விடிவதற்கு முன்பே துப்பாக்கி வெடித்தது. எங்கே தெரியுமா? (ஒரு மூச்சு நிறுத்தம்) நம்ம கோட்டையில."

'என்று கூறினார்', 'என்பது குறிப்பிடத்தக்கது' போன்ற வால்களை எல்லாம் முன்னால் தள்ளிவிடலாம். 'அவர் சொன்னது இதுதான்' என்று முதலில் சொல்லிவிட்டால் சொன்ன செய்தி கடைசியில் நிற்கும். காமெடிக்காரர்கள் சிரிப்பு வரும் சொல்லுக்குப் பின்னால் ஓர் அசைகூட மிச்சம் வைக்கமாட்டார்கள்.

காரணங்களையும் மூன்றாக அடுக்குங்கள்: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. மூன்றாவதுதான் பெரிது, அதனால் கடைசியில். புரட்சியை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து வந்ததைச் சொல்லும்போது 25 கிலோமீட்டர் என்று நிறுத்தாமல், "நாம பஸ்ல போற அதே தூரம்" என்று சேர்த்தால் சபை அந்தச் சாலையைக் கண்ணால் பார்க்கும். இந்தத் தலைப்பில் சிரிப்பு தேடவேண்டாம். அத்தனை உயிர் போன நாள் அது. உத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்கைக் கையில் எடுத்தாலே ஊளையிடுகிறது. காமெடிக்காரர்கள் எப்படி நடந்துகொண்டே பேசுகிறார்கள்?
(வாசகர், திருப்பத்தூர்)

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மேடைகளில் பொதுவாகத் தரும் மைக், முன்பக்க ஒலியை வாங்கிப் பின்பக்க ஒலியைத் தள்ளும்படி செய்யப்பட்டது. பின்பக்க ஒலி உள்ளே வரும் துளைகள் வலைக்குள்தான் இருக்கின்றன. அதைப் பொத்தினால் எல்லாப் பக்கத்து ஒலியும் ஏறும், ஸ்பீக்கர் ஒலியும் உள்ளே புகுந்து ஊளை கிளம்பும். தண்டின் நடுவில் பிடியுங்கள். வாய்க்கு முன்னால் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, கொஞ்சம் கீழே, தலை உதட்டை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நேராக வாய்க்கு எதிரே வைத்தால் 'ப'கரம் எல்லாம் குண்டு வெடிப்பது போலக் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்பவேண்டும், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் தானாக வரும்.

காமெடிக்காரர் மேடை ஏறியதும் மைக்கைக் கழற்றி, ஸ்டாண்டைத் தூக்கித் தனக்குப் பின்னால் வைப்பார். சபைக்கும் தனக்கும் நடுவில் கம்பி நிற்கக் கூடாது என்பதற்காக. நீங்களும் செய்யலாம். கல்யாண மண்டபத்தில் எதிரொலி அதிகம். அங்கே வேகத்தைக் குறைத்து வாக்கியங்களைச் சின்னதாக்குங்கள். அரை மணி முன்னதாகப் போய் மைக் செட்டுக்காரரிடம் பேர் கேட்டுப் பேசி, இரண்டு வரி சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகளிர் குழுக் கூட்டங்களில் பேசுகிறேன். முன்வரிசை சோபாவில் இருப்பவர்கள் முகத்தில் அசைவே இல்லை. பின்னால் பேச்சுச் சத்தம். சில நேரம் யாராவது குறுக்கே கத்துகிறார்கள்.
(வாசகி, ஆம்பூர்)

சோபாக்காரர்களைப் பார்த்துப் பேசாதீர்கள். மொத்த சபையும் தங்களைக் கவனிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் அடக்கித்தான் சிரிப்பார்கள். மூன்றாவது நான்காவது வரிசையில் தலையாட்டிக் கேட்கிற இரண்டு பேரை, இடதில் ஒருவர் வலதில் ஒருவர், பிடித்துக்கொள்ளுங்கள்.

இருக்கைதான் பாதி வேலை. சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுவது. நடுவில் நான்கு காலி நாற்காலி இருந்தால் அங்கேயே அணைந்துவிடும். அதனால்தான் காமெடி அரங்குகளில் ஆட்களை நெருக்கி, மேடைக்கு ஒட்டி உட்கார வைக்கிறார்கள். 60 பேர் வருகிற கூட்டத்துக்கு 200 பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் எல்லோரும் பின்னால்தான் போய் உட்காருவார்கள். முதலில் 50 மட்டும் போடச் சொல்லுங்கள், மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வைத்து ஆள் வர வர எடுக்கலாம்.

குறுக்கே பேசுபவர்களை ஒரே மாதிரி நினைக்கவேண்டாம். உற்சாகத்தில் கத்துபவர் உங்கள் பக்கத்து ஆள். அவர் சொன்னதை மைக்கில் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு அது கேட்டிருக்காது. பிறகு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். உண்மையான குறையைக் கோபமாகக் கேட்பவரிடம் வேடிக்கை காட்டக் கூடாது. "கடன் விஷயம் கேக்கறீங்க, பேச்சு முடிஞ்சதும் முதல் ஆளா உங்ககிட்ட வரேன்" என்று சொல்லி, சொன்னபடி போகவேண்டும். குடித்துவிட்டு வந்தவரோடு ஒரு சொல்கூட வேண்டாம். பேச்சை நிறுத்தி விழாக்குழுவைப் பாருங்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காமெடிக்காரர் வம்புக்கு வருபவரை மடக்குவதைப் பார்த்து அதே மாதிரி செய்யத் தோன்றும். அங்கே வந்தவர்கள் டிக்கெட் வாங்கி அதற்காகவே வந்தவர்கள். உங்கள் சபையில் அந்த ஆளின் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். உருவம், சாதி, மதம், பேச்சு வழக்கு எதையும் தொடாதீர்கள். தமிழும் உருதும் கலந்து பேசுகிற ஆம்பூர், வாணியம்பாடி சபைகளில் ஒருவருடைய உச்சரிப்பைச் சொல்லிக் காட்டினால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் நல்லதும் ஏறாது.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே? நம்ம பக்கம் இல்லாததா?
(வாசகர், காட்பாடி)

இருக்கிறது, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே. காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்த கிருபானந்த வாரியார் சுவாமிகள் புராணம் சொல்லும்போது முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவார். இன்று காமெடிக்காரர்கள் சபையோடு பேசிக்கொண்டே நிகழ்ச்சி நடத்துவதை ஒரு தனித்திறமை என்கிறார்கள். அதை அவர் பக்திச் சொற்பொழிவில் செய்தார், எளிய தமிழில்.

அதற்கும் முந்தியவன் கட்டியங்காரன். புரிசை முதலான வடாற்காட்டு ஊர்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் அவன் வருவான். ராஜா பாட்டில் சொன்னதைப் பேச்சில் திருப்பிக் கேட்பான், சபைக்கு எழுகிற சந்தேகத்தை அவனே கேட்பான், துரியோதனன் கதைக்கு நடுவில் அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வராததைக் கொண்டு வந்து வைப்பான். பேச்சாளர் அவனிடம் எடுக்கவேண்டியது அந்தக் கடைசி வேலையை. எந்த ஊரில் பேசினாலும், கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் டீக்கடையில் உட்காருங்கள். அன்றைக்கு அந்த ஊரில் என்ன பேச்சு என்று கேட்டுக்கொண்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் அதைச் சொல்லுங்கள். எங்கோ எழுதிக்கொண்டு வந்த பேச்சு அப்போது அந்த ஊருக்கான பேச்சாகிவிடும்.

கேள்வி: கிராமங்களில் சர்க்கரை நோய் பற்றிப் பேசும் செவிலியர் நான். இதில் நகைச்சுவை சேர்க்கலாமா?
(வாசகி, வாலாஜா)

சேர்க்கலாம். நோயாளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, எல்லோருக்கும் உள்ள பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். "டீக்குச் சர்க்கரை வேணாம்னு சொல்லுவோம், பக்கத்துல ரெண்டு பிஸ்கட் இருந்தா அது கணக்குல வராது." சிரிப்பு இறங்கும் அந்த இரண்டு விநாடியில் சபை உங்களையே பார்க்கும். மிக முக்கியமான செய்தியை அங்கே வையுங்கள்: "தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்க. புண்ணு இருந்தா வலிக்காமலே இருக்கலாம்." 20 நிமிடப் பேச்சில் இப்படி மூன்று இடம் போதும். கால் எடுக்கப்பட்டவர் சபையில் இருக்கக்கூடும். அந்தப் பகுதியை நேராகவே சொல்லுங்கள்.

கேள்வி: சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்தில் மௌனம். அப்போது என்ன செய்வது?
(வாசகர், வாணியம்பாடி)

ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், "புரியலையா?" என்று கேட்காதீர்கள், "நகைச்சுவையா ஒண்ணு சொல்றேன்" என்று முன்னறிவிப்பும் வேண்டாம். அறிவித்துவிட்டால் மௌனம் தோல்வியாகத் தெரியும், அறிவிக்காவிட்டால் அதுவும் ஒரு சாதாரண வரி. அதனால் எழுதும்போதே ஒரு சோதனை வையுங்கள்: சிரிப்பு வராவிட்டாலும் அந்த வரி பேச்சுக்கு ஏதாவது செய்தி சொல்கிறதா? சொல்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும், வேகம் கூடினால் அதற்கடுத்த வரியும் விழும். வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து அந்த வரிக்கு நேராகச் சுழி போடுங்கள்.